மஞ்சள் திடலில் ஒரு பச்சைத் திட்டு

செம்பக்கா கிளப்பின் திடலில் மனிதன் படுக்கத் தகுந்த இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தியாகு அதைக் கண்டுபிடித்துப் படுத்துவிட்டான்.

மற்ற இடமெல்லாம் சொறி பிடித்த நாயின் முதுகு மாதிரி கிடந்தது. திட்டுத்திட்டாக மஞ்சள், நடுநடுவே வழுக்கை. ஆட்டக்காரர்கள் தங்கும் கூடாரக் கட்டடத்தின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் புல் பச்சைப்பசேலென்று தழைத்திருந்தது. தியாகு அங்கே காலை நீட்டி, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டான்.

"அண்ணே, புல்லைக் கொன்னவனைப் பிடிக்கத் துப்பறியுறவங்க வந்திருக்கோம். ஊர்ல சொன்னா சிரிப்பாங்க. பொணத்தைக் காட்டுங்கன்னு கேட்டா ஒரு வண்டி வைக்கோலைக் காட்டணும்."

மாணிக்கவாசகம் சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து, சுண்டுவிரல் தடிமனில் ஒரு கொத்து மஞ்சள் புல்லைப் பிடுங்கினார். இழுத்த உடனே கையோடு வந்துவிட்டது. வேரே இல்லாதது போல.

போலீசில் துப்பறியும் பிரிவில் இருந்துவிட்டு, மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தவர் அவர். காஜா பெராங் சாலையில் சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை பிடித்து, காணாமல் போனவர்களைத் தேடித் தருவதையே தொழிலாக வைத்திருந்தார். தியாகு அவரிடம் சேர்வதற்கு முன் ஏலக்கடையில் கூவிக்கொண்டிருந்தவன். வாயை மூட வைக்க முடியாது என்று ஏலக்கடைக்காரர் அனுப்பிவிட்டார். மாணிக்கவாசகத்துக்கு அந்த வாய் தேவைப்பட்டது. அவன் பேசுகிற நேரத்தில் அவர் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

"எந்திரி. இந்த வேடிக்கைக்குள்ள ஒரு பொம்பளையோட மானம் கிடக்கு."

அது தியாகுவுக்கும் தெரியும். கிளப்பின் தோட்டக்காரர் கலியாணசுந்தரம் வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. மறுநாள் அவருடைய சாமான் கொட்டகையில், லாலான் புல்லைக் கொல்லத் தோட்டங்களில் ஊற்றும் மருந்து டின் ஒன்று காலியாகக் கிடந்தது. திடலோ நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. ஆகஸ்டு முடிவில் மலாய் நாட்டுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா. அன்று இந்தத் திடலில்தான் புதுக் கொடியை ஏற்றி, பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி நடத்துவதாகக் கிளப் ஏற்பாடு செய்திருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்கக் கொண்டுவந்த அவசரகாலமோ இன்னும் முடியவில்லை. அப்புறம் என்ன? 'கலியாணசுந்தரம் கம்யூனிஸ்டுக்காரன். மெர்டேக்காவைக் கெடுக்கத் திடலுக்கு விஷம் வைத்துவிட்டுக் காட்டுக்குள் ஓடிவிட்டான்.' யாரோ ஒருவர் சொன்னார். ஊரே திருப்பிச் சொன்னது.

அவர் மனைவி கமலவேணியைப் போலீஸ் கூட்டிப்போய் நாள் முழுக்க விசாரித்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டது கிளப். கிளப் வேலையாட்களின் வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் அவளைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். சாத்தாத கதவு ஒன்று சைக்கிள் கடை மாடியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, இடுப்பில் பிள்ளையோடு ஏறி வந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு அந்தப் புல்லுக்குத் தலைவலின்னாலும் சோறு திங்காதவருங்கய்யா," என்றாள் அவள். "கடைசியா ஒரு வாரமா வேரைப் பிடுங்கிப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டாந்து வெளக்குல காட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. இது தண்ணிப் பஞ்சம் இல்ல, அடியில என்னமோ இருக்குன்னாரு. அவரா விஷம் வப்பாரு?"

அவ்வளவுதான் அவள் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மாணிக்கவாசகம் திடலுக்கு வந்திருந்தார்.

கிளப்பின் செயலாளர் பொன்னுதுரை வராந்தாவிலிருந்து இறங்கி வந்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, அழுக்கே படாத கை. குரலில் எப்போதும் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தோரணை.

"மண் எடுக்கப் போகிறீர்களாமே? தாராளமாய் எடுங்கள், மிஸ்டர் மாணிக்கவாசகம். விஷம் என்று உங்கள் வாயாலேயே வந்தால் எங்களுக்கும் நல்லது. அந்தப் பெண்ணைப் பார்த்தால் பாவமாய்த்தான் இருக்கிறது. ஆனால் உண்மை உண்மைதானே?"

"உண்மைக்கு மண்ணுதான் பேசணும் சார்," என்றார் மாணிக்கவாசகம்.

தியாகு காலிக் கோப்பித்தூள் தகரங்களில் மண்ணை அள்ளினான். முழுக்கச் செத்த இடத்தில் ஒன்று, மஞ்சளும் பச்சையும் சேரும் ஓரத்தில் ஒன்று. கடைசியாகத் தான் படுத்திருந்த இடத்திலிருந்து, புல்லோடும் வேரோடும் ஒன்று. நல்ல இடத்து மண்ணும் வேண்டும் என்று சோதனை செய்கிறவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்தச் சோதனை செய்கிறவர் ஒரு பெண் என்பது, செங் ஊருக்குப் போகும் சாலையில் இருந்த அரசாங்க விவசாய நிலையத்துக்குள் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோதுதான் தியாகுவுக்குத் தெரிந்தது. பெயர் சாரதாம்பாள். மதராசில் தாவரவியல் படித்துவிட்டு வந்தவர். சிரிப்பதற்குச் சம்பளம் கொடுக்கவில்லை என்பது போன்ற முகம்.

கண்ணாடிப் புனல்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு ரப்பர் குழாய், அதை இறுக்கிப் பிடித்தபடி ஒரு கிளிப். மெல்லிய துணியில் மண்ணை முடிந்து, புனலில் நிரம்பிய தண்ணீரில் நனைய விட்டார் சாரதாம்பாள்.

"டீ வடிகட்டுற மாதிரி இருக்கே மிஸ்," என்றான் தியாகு.

"நாளைக்குக் காலையில வாங்க. குடிக்கலாம்."

மாணிக்கவாசகம் முதல் தடவையாக அன்று சிரித்தார்.

மறுநாள் காலை அவர்கள் போனபோது, சாரதாம்பாள் கிளிப்பைத் தளர்த்தி, குழாயின் அடியில் தேங்கிய நீரைச் சின்னக் கண்ணாடித் தட்டில் விட்டு, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தார்.

"பாருங்க."

தியாகு ஒரு கண்ணை மூடிக் குனிந்தான். நறுக்கிப் போட்ட முடித்துண்டுகள் மாதிரி என்னவோ கிடந்தன. பிறகு அந்த முடித்துண்டுகள் நெளிந்தன. அவன் பின்னால் நகர்ந்து முக்காலியை உதைத்துவிட்டான்.

"நூற்புழு," என்றார் சாரதாம்பாள். "சும்மா கண்ணுக்குத் தெரியாது. வாயில ஈட்டி மாதிரி ஒண்ணு இருக்கும். வேரைக் குத்தி உறிஞ்சும். மேலேருந்து பார்த்தா புல்லு தண்ணியில்லாம காயுற மாதிரியே இருக்கும். எவ்வளவு ஊத்தினாலும் மஞ்சளாகும், ஏன்னா குடிக்கிறதுக்கு வேரு இல்ல. செத்த இடம், ஓரம் ரெண்டுலயும் இதுங்க கும்பல் கும்பலா இருக்கு."

"அப்போ விஷம்?"

"லாலான் மருந்தை அந்தத் திடல் சாகுற அளவுக்கு ஊத்தியிருந்தா புல்லு மட்டுமா சாகும்? இதுங்களும் செத்து மிதக்கணும். இதுங்க குடும்பம் நடத்திக்கிட்டிருக்கு. விஷமே விழலை."

தியாகு கைதட்டினான். "உயிருள்ள சாட்சி! ஒரு பட்டாளமே இருக்கு அண்ணே. கோர்ட்டுல சத்தியம் வாங்கத்தான் கஷ்டம், கை இல்ல."

மாணிக்கவாசகம் கையை உயர்த்தி அவனை அடக்கினார். "மூணாவது தகரம்?"

சாரதாம்பாளின் முகம் கடுத்தது. அவர் மூன்றாவது தட்டை நகர்த்தி வைத்தார். வெறும் தண்ணீர்.

"உங்க ஆள் சோம்பேறித்தனம் பண்ணியிருக்காரு. திடல்லேருந்து எடுக்கச் சொன்னா ரோட்டோரத்துல அள்ளிட்டு வந்திருக்காரு."

"மிஸ்! நான் படுத்திருந்த இடத்துலேருந்து என் கையால..."

"பொய் சொல்லாதீங்க. திடல் முழுக்கக் கறுப்பு மேல்மண். இது செம்மண். கட்டி கட்டியா, சரளைக் கல்லோட. இது அந்த ஊர்ல அடிமண்ணு. அதுல நூற்புழு இருக்காது, அது மேல இருக்கிற வேரைச் சுத்தித்தான் வாழும். கொஞ்ச மாசத்துல பக்கத்துலேருந்து ஏறி வந்துடும், அப்புறம் இந்தப் புல்லும் மஞ்சளாயிடும். இப்போதைக்கு சுத்தம்."

"சத்தியமா அங்கதான் எடுத்தேன்!"

"அவன் பொய் சொல்ல மாட்டான்மா," என்றார் மாணிக்கவாசகம். "வாய் நீளம், கை சுத்தம்." அவர் அந்தத் தகரத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "இந்தச் செம்மண்ணு எவ்வளவு ஆழத்துல இருக்கும்?"

"ஒரு ஆள் இடுப்பளவுக்காவது தோண்டணும்."

"அடியில இருந்தது மேல வந்திருக்கு. அப்போ யாரோ ஆழமாத் தோண்டி, மண்ணை மாத்திப் போட்டு மூடி, மேல புதுப் புல்லை வச்சிருக்காங்க."

"பந்தக்கால் குழியா இருக்கும் அண்ணே," என்றான் தியாகு. "அவரு காணாமப் போன மாசம் அங்க ஒரு கல்யாண விருந்து நடந்துச்சே. பந்தல் போட்டு, குழி தோண்டி, மூடி..."

"பந்தக்கால் குழி வட்டமா இருக்கும். அந்தப் பச்சை எப்படி இருந்துச்சு?"

"நீளமா இருந்துச்சு."

"எவ்வளவு நீளம்?"

"அளந்தா பார்த்தேன்? நான் காலை நீட்டிப் படுத்தேன். எனக்குச் சரியா..."

தியாகு அந்த வார்த்தையை முடிக்கவில்லை.

எங்கோ ஒரு புனலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தியாகுவின் முதுகில் அந்தப் புல்லின் குளிர்ச்சி மறுபடி ஏறுவது போலிருந்தது. சட்டையைக் கழற்றி எறிய வேண்டும் போல இருந்தது. அவன் எழுந்து வெளியே போய், வேலிக்கு அந்தப் பக்கம் குனிந்து, காலையில் பசியாறியதை எல்லாம் வாந்தியெடுத்தான். திரும்பி வந்தபோது அவன் முகத்தைப் பார்த்து சாரதாம்பாள் ஒரு கோப்பைத் தண்ணீரை நீட்டினார்.

"உங்களைத் தப்பாச் சொல்லிட்டேன்," என்றார் அவர் மெதுவாக.

தியாகு கோப்பையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான்.

வழியில் மாணிக்கவாசகம் போலீஸ் நிலையத்தில் இறங்கி, தன்னோடு முன்பு வேலை பார்த்த இன்ஸ்பெக்டர் ஹாரூனிடம் பேசினார். ஹாரூன் முழுவதையும் கேட்டுவிட்டுத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "கல்யாணப் பந்தலுக்குக் குழியை நூறு பேர் தோண்டினாங்க. அங்க பொணம் இருந்தாலும் யார் போட்டதுன்னு எப்படிச் சொல்லுவே?" என்று மலாயில் கேட்டார்.

"விஷம்னு எங்க வாயாலயே வரணும்னு அவசரப்பட்டவரு அந்தச் செயலாளர்தான். அவரையே சொல்ல வைக்கிறேன். நீ வராந்தாவுக்குக் கீழ நில்லு. காது கேட்குற தூரம் போதும்."

கிளப் வராந்தாவில் பிரம்பு நாற்காலிகள் போட்டிருந்தன. பொன்னுதுரை எழுந்து கை கொடுத்தார். அங்கிருந்து பார்த்தால் திடல் முழுவதும் தெரிந்தது. தியாகு அந்தப் பக்கம் பார்க்காமல் தூணில் சாய்ந்து நின்றான்.

"சோதனை முடிந்ததா? விஷம்தானே?"

"சோதனை முடிஞ்சிடுச்சு சார். திடல் பூரா ஒரே மாதிரிதான் இருக்கு. ஒரே ஒரு இடத்து மண்ணுதான் வேற மாதிரி வந்திருக்கு. அந்த இடத்தைத் தோண்டிப் பார்க்கணும்னு சொல்லிட்டாங்க."

பொன்னுதுரையின் கை நாற்காலியின் பிடியில் இறுகியது.

"எதற்காக? வீண் வேலை. கொடியேற்ற நாள் நெருங்கிவிட்டது. கெட்டுப்போன இடத்தை வேண்டுமானால் தோண்டுங்கள், நல்ல புல்லை ஏன் கெடுக்க வேண்டும்? திடலில் உருப்படியாய் இருப்பதே அது ஒன்றுதான்."

மாணிக்கவாசகம் தன் கோப்பியைக் கீழே வைத்தார்.

"எந்த இடம்னு நான் இன்னும் சொல்லலையே சார்."

ஒரு காகம் கூடாரக் கட்டடத்தின் மேல் உட்கார்ந்து கத்தியது.

"வேற மாதிரி வந்திருக்குன்னு யார்கிட்ட சொன்னாலும், ரொம்பச் செத்த இடத்தைத்தான் நினைப்பாங்க. இந்தத் திடலுக்கு வந்த ஜனம் அத்தனையும் மஞ்சளைத்தான் பார்த்துச்சு. போலீசும் மஞ்சளைத்தான் பார்த்துச்சு. நானும் அப்படித்தான். நீங்க ஒருத்தர்தான் பச்சையை மட்டும் பார்த்துக்கிட்டே இருந்திருக்கீங்க."

வராந்தாவின் படியில் ஹாரூனின் பூட்ஸ் சத்தம் கேட்டது. பின்னால் மண்வெட்டியோடு ஆட்கள் திடலில் நடந்துகொண்டிருந்தார்கள். கேள்வியே கேட்காமல் கூடாரக் கட்டடத்தின் ஓரத்துக்குத்தான் போனார்கள். அதைப் பார்த்ததும் செயலாளரின் முதுகு மெல்ல வளைந்தது.

"மழை," என்றார். "அந்தியில் நல்ல மழை. நான் கொஞ்சம் குடித்திருந்தேன். வாசலுக்குச் சுற்றிப் போகாமல் திடல் வழியே காரை விட்டேன். அவன் அங்கே குனிந்து என்னவோ வேரைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். மழையில் யாராவது புல் பிடுங்குவார்களா? நான் பார்க்கவே இல்லை."

"உடனே செத்துட்டாரா?"

பொன்னுதுரை திடலில் இறங்கும் மண்வெட்டிகளைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி இங்கேருந்து கூப்பிடு தூரம், சார். உடனே செத்துட்டாரான்னு கேட்டேன்."

"வருகிற அரசாங்கத்தில் எனக்கு ஒரு பதவிக்குப் பெயர் போயிருந்தது. குடித்துவிட்டு ஆளை அடித்தான் என்று வந்தால்..." பொன்னுதுரை தன் சுத்தமான கைகளைப் பார்த்துக்கொண்டார். "அவன் தண்ணீர் கேட்டான்."

"குடுத்தீங்களா?"

"பந்தலுக்குத் தோண்டிய குழி ஒன்று மூடாமல் கிடந்தது. அதை நீளமாக்கினேன். விடிவதற்குள், கிளப்புக்குப் பின்னால் புதுப் புல் வளர்க்கும் பாத்தியிலிருந்து புல்லை வெட்டி மேலே வைத்தேன். மருந்து டின்னும் நான்தான் வைத்தேன். திடல் தானாகவே மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கடவுளே எனக்கு உதவி செய்கிறார் என்று நினைத்தேன்."

தண்ணீர் கொடுத்தாரா இல்லையா என்பதை அவர் கடைசி வரை சொல்லவில்லை. மாணிக்கவாசகம் இன்னொரு முறை கேட்கவும் இல்லை.

திடலில் ஒருவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையை உயர்த்தினான். மற்றவர்கள் தலைப்பாகைகளை அவிழ்த்தார்கள். ஹாரூன் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி, வராந்தாவை நோக்கித் தலையசைத்தார்.

"நான் இங்க இருக்கணும்," என்றார் மாணிக்கவாசகம். "நீ போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு."

"நானா அண்ணே? எனக்கு அப்படியெல்லாம் பேச வராது."

"அதனாலதான் உன்னை அனுப்புறேன்."

வரிசை வீடுகள் கிளப்புக்குப் பின்னாலேயே இருந்தன. தியாகு மோட்டார் சைக்கிளை எடுக்காமல் நடந்தே போனான். போகிற வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு போனான். கட்டிய ஒவ்வொன்றும் வாயில் வரும்போதே உடைந்தது. ஏலக்கடையில் உடைந்த நாற்காலியைக்கூட அரியணை என்று விற்றவன் அவன்.

கமலவேணி வாசலில் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். காலி செய்யச் சொன்ன கெடு நெருங்கியிருந்தது. அவனைப் பார்த்ததும் எழுந்தாள்.

"பிடிச்சுட்டாங்களா? காட்டுலயா இருந்தாரு?"

"அவரு காட்டுக்குப் போகல தங்கச்சி." தியாகு தொப்பியைக் கழற்றினான். "எங்கயுமே போகல. விஷமும் வைக்கல. வேருல பூச்சி இருக்குன்னு அவரு சந்தேகப்பட்டது சரிதான். அதைப் பார்த்துக்கிட்டிருந்தப்பதான்... திடல்லயே... செயலாளரோட காரு."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு அவன் தோளுக்கு மேலாக, வேலியைத் தாண்டி, திடலைப் பார்த்தாள். அங்கே ஆட்கள் வட்டமாக நின்றிருந்தார்கள்.

"தினம் அந்த வழியாத்தான் போய் வந்தேன்," என்றாள். "கூடாரத்து நிழல்ல கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போவேன். புள்ளைக்கு வெயில் படக்கூடாதுன்னு."

அவள் அழுவாள் என்று தியாகு காத்திருந்தான். அழவில்லை. பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெளியே இறங்கினாள். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது. கமலவேணி உள்ளங்கையால் அந்தக் கதவைத் தட்டினாள்.

"அக்கா. கதவைத் திறங்க. எங்க வீட்டுக்காரரு கம்யூனிஸ்டும் இல்ல, ஓடிப்போகவும் இல்ல. செத்துட்டாரு. வெளிய வந்து அழுங்க."

உள்ளே சத்தம் நின்றது. யாரும் திறக்கவில்லை. அவள் மறுபடி தட்டினாள், இந்த முறை கதவு அதிரும்படி.

தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டது. நரைத்த தலை ஒன்று எட்டிப் பார்த்தது, வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு. கமலவேணி அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கக்கூட நிற்காமல் அடுத்த வீட்டுக் கதவுக்குப் போனாள்.